பிறவித் தண்டனையும் பயின்ற தண்டனையும்



கல்முனைப் பட்டினத்திலிருந்து மேற்குத் திசையாகச் சேனைக்குடியிருப்பைக் கடந்து, கிட்டங்கித் தாம்போதியின் வழியே சென்றால் நாவிதன்வெளிப் பிரதேசத்தை அடையலாம். மாரிகாலத்தில் வெள்ளம் அத்தாம்போதியை மூடிப் பாயும். வெள்ளம் வற்றியபின் நோக்கினால் கண்ணுக்கெட்டிய தூரம்வரை நெல்வயல்களே காட்சி தரும். நாவிதன்வெளி, அன்னமலை, சொறிக்கல்முனை, மத்திய முகாம் முதலிய ஊர்களில் தமிழரும் முஸ்லிம்களும் அடுத்தடுத்த வட்டைகளில் வேளாண்மை செய்து வாழ்கின்றனர். கதிர் முற்றும் வேளையில் இவர்களுடைய உறக்கத்தைக் கெடுக்கும் விருந்தாளி ஒருவர் உண்டு. அவர் காட்டிலிருந்து வரும் யானையார்.

யானையைத் தடுப்பதற்கு நம் நாட்டில் இன்று பெரிதும் நம்பப்படுவது மின்வேலி. இலங்கை முழுவதிலும் 4,000 கிலோமீற்றருக்கு மேற்பட்ட நீளத்துக்கு இவ்வேலி போடப்பட்டிருக்கிறது. ஆயினும், சில ஆயிரம் கிலோகிராம் எடையுள்ள ஒரு விலங்கை ஒரு மெல்லிய கம்பி எவ்வாறு நிறுத்துகிறது? கம்பிக்கு அத்தகைய வலிமை இல்லை. யானையை நிறுத்துவது கம்பியன்று. யானை கற்றுக்கொண்ட பாடமே. அப்பாடம் எத்தகையது, அது எப்போது நிலைக்கும், எப்போது அழியும் என்பனவற்றையே இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகின்றேன்.

முதலில் ஒரு சொல்லைத் தெளிவாக்கிக்கொள்வோம். உலக வழக்கில் தண்டனை என்றால், குற்றம் செய்தவனுக்கு நாம் கொடுக்கும் துன்பம். நடத்தைப் பகுப்பாய்வு என்னும் உளவியற்றுறையில் அச்சொல்லுக்குப் பொருள் வேறு. ஒரு செயலைத் தொடர்ந்து ஏதேனும் ஒன்று நிகழ்ந்து, அதன் பயனாக அச்செயல் பின்னர் அருகிப் போகுமானால், தொடர்ந்து வந்த அந்நிகழ்ச்சியே தண்டனை எனப்படும். கொடுத்தவரின் கோபம் இங்கே கணக்கில் வராது. செயல் குறைந்ததா என்பதே கணக்கு. ஆசிரியர் ஏசஏச ஒரு மாணாக்கனின் குறும்பு பெருகுமாயின், அந்த ஏச்சு இவ்விலக்கணப்படி தண்டனையே அன்று. அவன் விரும்பிப் பெறும் வெகுமதி அது.

இத்தண்டனைகள் இருவகைப்படும். ஒன்று பிறவித் தண்டனை. நெருப்பின் சூடு, உடலில் ஏற்படும் நோவு, மிகுந்த கைப்பு, மின்னதிர்ச்சி ஆகியவை துன்பமானவை என்று எவரும் நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. பிறந்த குழந்தையின் நாவிற் கைப்பான துளி ஒன்று பட்டாலும் அதன் முகம் சுளிக்கும். கைசூப்பும் பிள்ளையின் பெருவிரலில் வேப்பெண்ணெய் பூசும் தாய், நூலொன்றும் படியாமலே இவ்வுண்மையை அறிந்தவள்.

மற்றது பயின்ற தண்டனை. தவழும் குழந்தை குப்பிவிளக்கை நோக்கிக் கை நீட்டுகிறது. "சுடும்!" என்கிறாள் தாய். குழந்தைக்கு அச்சொல் வெறும் ஓசையே, அது கையை நீட்டிச் சுடரைத் தொடுகிறது, அழுகிறது. ஓசையும் சூடும் இவ்வாறு இணைந்தபின், அடுத்த முறை "சுடும்" என்னும் சொல்லே கையைப் பின்னிழுக்கும். சொல்லுக்கு முன்பில்லாத ஓர் ஆற்றல் வந்துவிட்டது. சூடு கண்ட பூனை அடுப்பங்கரையை நாடாது என்று நம் முன்னோர் கூறியதும் இதனையே. பூனையைச் சுட்டது நெருப்பு. அது அஞ்சி விலகுவதோ அடுப்பங்கரையை.

இவ்வாறு வந்த ஆற்றல் கடன் வாங்கிய ஆற்றலாகும். 1965ஆம் ஆண்டில் ஹேக், அஸ்ரின் என்னும் அமெரிக்க அறிஞர் இருவர் புறாக்களைக் கொண்டு இதனை ஆராய்ந்தனர். மின்னதிர்ச்சியோடு இணைத்துக் காட்டப்பட்ட ஓர் அடையாளம், பின்னர் புறாக்கள் கொத்தும் செயலைத் தொடர்ந்து காட்டப்பட்டபோது, அவை கொத்துவதைக் குறைத்துக்கொண்டன. அதிர்ச்சியை அடியோடு நிறுத்திவிட்டு அடையாளத்தை மட்டும் காட்டியபோது, அதன் ஆற்றல் தேய்ந்து மறைந்தது. முதல் தீர்ந்தபின் வட்டி ஏது?

இனி நம் வேலிக்குத் திரும்புவோம். முறையாக அமைந்த மின்வேலியில் ஏறத்தாழ ஒரு செக்கனுக்கு ஒருமுறை, சில ஆயிரம் வோல்ற்று அழுத்தமுடைய மின்துடிப்பு ஓடும். அத்துடிப்பு மிகக் குறுகியது. ஆதலால் நோகச் செய்யுமேயன்றிக் கொல்லாது. ஈரமான துதிக்கையாற் கம்பியைத் தீண்டிய யானை துணுக்குற்றுப் பின்வாங்கும். அது பிறவித் தண்டனை. அடுத்த இரவில் அது கம்பியைக் கண்ட மாத்திரத்தே விலகுமாயின், அது பயின்ற தண்டனை. வேலியின் பயன் பெரும்பாலும் இவ்விரண்டாவதையே சார்ந்தது.

ஆனால் அறுவடை முடிகிறது. வேலியைப் பார்ப்பாரில்லை. புல்லும் கொடியும் கம்பியிற் படர்ந்து மின்சாரத்தை நிலத்துக்கு இறக்கிவிடுகின்றன. மின்கலம் ஓய்ந்து போகிறது. அவ்வழியே வந்த யானையொன்று தற்செயலாகக் கம்பியைத் தீண்டுகிறது, ஒன்றும் நிகழவில்லை. மறுநாளும் ஒன்றும் நிகழவில்லை. யானைக்குக் கம்பி இப்போது வெறுங் கம்பி. அதுமட்டுமன்று, மின்சாரம் பாயாத தந்தத்தாற் கம்பியை அறுக்கவும், காலாலே கட்டையைச் சாய்க்கவும், மரத்தை முறித்து வேலியின்மேற் தள்ளவும் யானைகள் பழகிக்கொள்கின்றன. உயிரற்ற வேலி அவற்றுக்குப் பயிற்சிக் களமாகிவிடுகிறது.

யானைவெடியின் கதையும் இத்தகையதே. பேரோசை கேட்டுத் திடுக்கிடுவது பிறவி இயல்புதான். எனினும் ஓசையைத் தொடர்ந்து தீங்கொன்றும் வாராதபோது அத்திடுக்கம் மழுங்கும். நாம் வெடியைச் சிறிது சிறிதாகப் பெருக்குவோம். யானையும் சிறிது சிறிதாகப் பழகும். தண்டனையைப் படிப்படியாக ஏற்றினால், பெரிய தண்டனையையும் உயிரினம் தாங்கப் பழகிவிடும் என்பது 1960களில் நிகழ்ந்த ஆய்வுகளும் உணர்த்திய உண்மை.

இன்னொன்றையும் நாம் மறத்தலாகாது. எலிகளைக் கொண்டு கார்சியா, கோலிங் என்போர் 1966இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. மின்னதிர்ச்சி பெற்ற எலிகள் கண்ட ஒளியையும் கேட்ட ஓசையையும் வெறுத்தன. நீரின் சுவையை வெறுக்கவில்லை. சுவையை வெறுக்கச் செய்தது வயிற்றுக் குமட்டலே. இதனை யானையோடு பொருத்திப் பாருங்கள். கம்பியின் அதிர்ச்சி கம்பியைத்தான் கசக்கச் செய்யும். நெற்கதிரைக் கசக்கச் செய்யாது. வேலிக்கு அப்பால் நெல் இனித்துக்கொண்டே இருக்கிறது. யானையின் வயிறு பசித்துக்கொண்டே இருக்கிறது. தண்டனை வழியை அடைக்கும், பசியை ஆற்றாது.

ஆகவேதான், 2020ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட மனித யானை மோதற் தணிப்புக்கான தேசியச் செயற்றிட்டம், ஊர்களையும் வயல்களையும் சுற்றி மக்களே பேணும் வேலிகளை வலியுறுத்தியது. வயல் வேலியை விதைப்புக்காலத்திற் போட்டு, அறுவடை முடிந்ததும் கழற்றிவிடுவது அம்முறை. கம்பி நிற்குங்காலமெல்லாம் மின்சாரம் ஓடும். மின்சாரம் இல்லாதபோது கம்பியும் இராது. யானைக்குப் பொய் சொல்லாத வேலி அது. கழற்றியபின் ஒட்டுத்தாளை மேயவும் யானைக்கு வழியுண்டு.

இதற்கு நேர்மாறானது, வீட்டு மின்சாரத்தைக் களவாகக் கம்பியிற் பாய்ச்சும் கொடுமை. 230 வோல்ற்று இடைவிடாது ஓடும் அக்கம்பி யானையையும் கொல்லும்; விடியற்காலையில் வரம்பில் நடக்கும் அயல்வயற்காரனையும் கொல்லும். அறத்தையும் சட்டத்தையும் ஒருபுறம் வைத்தாலும், அதனாற் கற்பிக்கப்படுவது என்ன? செத்த யானை எதையும் கற்பதில்லை. நாளை வேறொரு யானை, ஒன்றுமறியாமல், அதே வழியில் வரும்.

நேயர்களே, யானையைப் பற்றி இவ்வளவும் கூறியது நம் பிள்ளைகளையும் எண்ணித்தான். அடியாத மாடு படியாது என்னும் பழமொழியைப் பிரம்புக்குச் சான்றாகக் காட்டுவோர் இன்றும் உளர். பாடசாலைகளில் உடல்தண்டனை கூடாதெனக் கல்வி அமைச்சு 2005ஆம் ஆண்டிலேயே சுற்றறிக்கை விடுத்தது. ஆயினும் பிரம்பு முற்றாக மறைந்துவிடவில்லை.

பிரம்படி பிறவித் தண்டனை. அது தரும் நோவு ஒரு செயலோடு நில்லாது. அருகிலுள்ள யாவற்றிலும் ஒட்டிக்கொள்ளும். கணக்குத் தவறியதற்காக அடிபட்ட சிறுவன், தவறுக்கு மட்டும் அஞ்சுவதில்லை. அடித்த கையும், கணக்குப் புத்தகமும், வகுப்பறையும், ஈற்றிற் பாடசாலையின் வாயிலும் அவனுக்குப் பயின்ற தண்டனைகளாகின்றன. அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் அல்லவா? மேலும், யானைக்கு நெல் இனித்தது போலவே, அவனுக்குக் கணக்கு விளங்காமை அப்படியே இருக்கிறது. பிரம்பு கையை நிறுத்தும்; கணக்கைச் சொல்லித் தராது.

அப்படியாயின் பிள்ளைகளைத் திருத்த வழி யாது? பயின்ற தண்டனை நோவிடமிருந்து மட்டுமே கடன் பெறவேண்டும் என்ற நியதி இல்லை. நல்லது ஒன்று கைநழுவுவதோடு இணைந்தும் அது ஆற்றல் பெறும். நாள்தோறும் அன்போடு பேசும் வாப்பா ஒரு வேளை பேசாதிருந்தால், உம்மாவின் முகத்திலுள்ள சிரிப்பு ஒரு கணம் மறைந்தால், "நீயா மகனே இப்படிச் செய்தாய்?" என்று அப்பு ஒரு சொற் கேட்டால், அஃது எந்தப் பிரம்பினும் ஆழச் சென்று தைக்கும். ஏன்? முன்பு அங்கே நிறைந்த அன்பு இருந்தது. சிரித்தே அறியாத முகம் சிரிப்பை நிறுத்தி யாரைத் திருத்த முடியும்? அந்த அன்போடு, சரியான வழியையும் உடனிருந்து காட்டுவோமாயின் திருத்தம் நிலைக்கும்.

மின்சாரமற்ற கம்பி யானையிடத்துச் செல்லாதது போல, அன்பில்லாத கண்டிப்பும் பிள்ளைகளிடத்துச் செல்லாது. பிள்ளையை நோக்கி முகம் சுளிக்குமுன், அச்சுளிப்பின் பின்னே நாம் சேர்த்துவைத்திருக்கும் முதல் எது, அச்சமா, அன்பா என்று ஒருகணம் நம்மை நாமே கேட்டுக்கொள்வோமாக.