களைத்த வாலிபனுக்கு விளையாட்டு போதுமா?

(வாலிபர் வகுப்பில் நிகழ்த்திய பேச்சு)

வேலை முடிந்து வீட்டுக்கு வரும் வாலிபன், சாப்பிட்ட கையோடு வீடியோ கேம் விளையாட உட்காருகிறான். "உருப்படாத வேலை" என்று பெரியவர்கள் கடிந்துகொள்கிறார்கள். "விளையாடட்டும், மனச்சோர்வுக்கு அதுதான் மருந்து" என்று வேறு சிலர் சொல்லுகிறார்கள். எது சரி? இன்று இதைப் பற்றிப் பேசுவோம்.

முதலில் சோர்வு என்றால் என்ன? உடம்பின் களைப்பு ஒரு ராத்திரி தூங்கினால் தீரும். தூங்கி எழுந்தும் தீராத சோர்வு ஒன்று உண்டு. நியூயார்க் நகரில் ஏழைகளுக்கான இலவச வைத்திய சாலையில் பாடுபட்ட ஊழியர்களிடம் ஹெர்பர்ட் ஃபிராய்டன்பெர்கர் என்ற மனோதத்துவ நிபுணர் இதைக் கண்டார். 1974ல் இதைப் பற்றி எழுதினார். 'பர்ன் அவுட்' என்று பெயர் கொடுத்தார். அதாவது, விறகு எரிந்து சாம்பலாவதைப் போல மனிதன் உள்ளே தீய்ந்து போவது.

2019ல் உலக சுகாதார ஸ்தாபனம் இதற்கு மூன்று அடையாளங்களை வகுத்தது: சக்தி வற்றிப் போதல், வேலையின் மேல் கசப்பும் ஒட்டாத மனமும், வேலைத் திறன் குறைதல். இதை நோய் என்று அது சொல்லவில்லை. வேலை ஸ்தலத்தில் ஓயாமல் இருந்துவரும் நெருக்கடியைச் சமாளிக்க வழி ஏற்படாதபோது வருவது என்றே சொல்லியது. இதை நாம் நன்றாக மனதில் பதித்துக்கொள்ள வேண்டும். ஒருவன் சோர்ந்து போவதற்குக் காரணம் அவனுடைய சோம்பல் அல்ல; காரணம் வேலை ஸ்தலத்தில் இருக்கிறது.

இனி விளையாட்டுக்கு வருவோம். ஜப்பானில் கியோட்டோ நகரத்து நின்டென்டோ கம்பெனி 2020 மார்ச்சில் 'அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்' என்ற விளையாட்டை வெளியிட்டது. கொரோனாவால் ஜனங்கள் வீட்டுக்குள் முடங்கிய காலம் அது. உலகெங்கும் லட்சோப லட்சம் பேர் அதை விளையாடினார்கள். அதில் வெட்டும் இல்லை, குத்தும் இல்லை. ஒரு தீவு இருக்கிறது. மீன் பிடிக்கலாம், பழம் பறிக்கலாம், பூச்செடி நடலாம், களை பிடுங்கலாம். வீடு கட்டிக்கொள்ள டாம் நுக் என்ற கடைக்காரர் கடன் கொடுக்கிறார்.

களை பிடுங்குவதா சந்தோஷம் என்று நம் விவசாயத் தொழிலாளிப் பெண்கள் சிரிப்பார்கள். நியாயமான சிரிப்புத்தான். ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். அந்தத் தீவில் வரப்பில் நின்று விரட்டும் காரியஸ்தன் இல்லை. வாங்கிய கடனுக்கு வட்டி இல்லை, தவணைத் தேதியும் இல்லை. நினைத்தபோது குனியலாம், நினைத்தபோது நிமிரலாம். வேலை என்னவோ அதே களை பிடுங்கும் வேலைதான். ஆனால் அங்கே தன் நேரத்துக்குத் தானே எஜமான். மனதுக்கு அது இதமாக இருப்பதில் ஆச்சரியம் என்ன?

ஆக்ஸ்போர்டு சர்வகலாசாலை ஆராய்ச்சியாளர்களும் இந்த இடத்துக்குத்தான் வந்து சேர்ந்தார்கள். 2020ல் இந்த விளையாட்டையும் இன்னொன்றையும் ஆடிய 3,274 பேரை விசாரித்தார்கள். ஆடிய நேரத்தைக் கம்பெனியின் கணக்கிலிருந்தே எடுத்தார்கள். அதிக நேரம் ஆடியவர்களின் மனநிலை சற்று நன்றாகவே இருந்தது. ஆனால் ஆட்டத்தால் மனம் தேறியதா, மனம் தேறியவர்கள் அதிகம் ஆடினார்களா? அந்தக் கணக்கு இதற்குப் பதில் சொல்லாது. ஆகவே 2022ல் ஏழு விளையாட்டுகளை ஆடிய சுமார் 39,000 பேரை ஆறு வாரம் கவனித்தார்கள். ஆடும் நேரம் கூடினாலும் குறைந்தாலும் மனநிலையில் அநேகமாக மாறுதல் இல்லை. பின் எது முக்கியமாக இருந்தது? விருப்பத்தோடு ஆடியவர்கள் நன்றாக இருந்தார்கள். ஆடாமல் இருக்க முடியவில்லையே என்று ஆடியவர்களின் நிலை மோசமாக இருந்தது.

எனவே பெற்றோர்களே, எத்தனை மணி நேரம் ஆடினான் என்று மட்டும் பார்க்காதீர்கள். விரும்பி ஆடுகிறானா, விட முடியாமல் ஆடுகிறானா என்று பாருங்கள். சாப்பாடு, தூக்கம், வேலை, சிநேகிதம் எல்லாம் கெட்டும் மாதக் கணக்கில் நிறுத்த முடியவில்லை என்றால் அதற்கு வைத்தியரின் உதவி வேண்டும். அதையும் உலக சுகாதார ஸ்தாபனம் 2019ல் நோய்ப் பட்டியலில் சேர்த்திருக்கிறது.

இன்னொரு விஷயம். விளையாட்டைத் தயாரிப்பவர்களும் வாலிபத் தொழிலாளிகளே. 2004ல் அமெரிக்காவில் ஒரு விளையாட்டுத் தொழிலாளியின் துணைவி பகிரங்கக் கடிதம் எழுதினார். வாரத்தில் ஏழு நாளும், காலை 9 முதல் இரவு 10 வரை தன் துணைவரிடம் வேலை வாங்குகிறார்கள் என்று அதில் குமுறினார். சந்தோஷத்தைத் தயார் செய்கிறவனுக்கே சந்தோஷப்பட நேரமில்லை! அவன் வீட்டில் விளையாட்டுக்கு என்ன பஞ்சம்? ஆனாலும் அது அவனைக் காப்பாற்றவில்லை. அந்தத் தொழிலாளிகளும் வழி கண்டார்கள். மைக்ரோசாப்டுக்குச் சொந்தமான ஜெனிமாக்ஸ் கம்பெனியில் சுமார் 300 பேர் 2023 ஜனவரியில் சங்கம் அமைத்தார்கள். நிர்வாகமும் அதை அங்கீகரித்தது.

தோழர்களே! நீண்ட வேலை நேரம் மனதை மட்டும் தின்பதில்லை, உயிரையும் குடிக்கிறது. வாரத்துக்கு 55 மணியோ அதற்கு மேலோ உழைத்ததால் வந்த பக்கவாதத்தாலும் இருதய நோயாலும் 2016ல் மட்டும் உலகில் 7,45,000 பேர் மாண்டார்கள். இது உலக சுகாதார ஸ்தாபனமும் சர்வதேச தொழிலாளர் ஸ்தாபனமும் 2021ல் வெளியிட்ட மதிப்பீடு. இந்தச் சாவைத் தடுக்க எந்த விளையாட்டாலும் முடியாது.

விளையாட்டு வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. சடுகுடு ஆகட்டும், பல்லாங்குழி ஆகட்டும், வீடியோ கேம் ஆகட்டும், சிரித்து விளையாடுவது மனிதனின் உரிமை. ஆனால் களைப்பை உண்டாக்கும் காரணத்தை அப்படியே விட்டுவிட்டு, கையில் ஒரு விளையாட்டைக் கொடுத்துச் சமாதானம் சொன்னால் அதை ஏற்க முடியாது. கூரை ஒழுகும்போது பாத்திரம் வைக்கலாம், தப்பில்லை. ஆனால் கூரையை யார் வேய்வது?

எட்டு மணி வேலை, வாரம் ஒரு நாள் முழு ஓய்வு, கட்டாய ஓவர்டைமுக்கு முடிவு, ராத்திரி ஷிப்டுக்குப் பின் போதிய தூக்கம். இவற்றைக் கேட்போம், ஒன்றுசேர்ந்து வாங்குவோம். அப்போது நம் வாலிபன் விளையாட உட்கார்ந்தால், களைப்பை மறக்க அல்ல, சந்தோஷத்துக்காகவே விளையாடுவான்.