பின்னால் நிற்க மறுத்தவர்கள்

கொல்கத்தா நியூ டவுனில், தமிழர்களின் மகளிர் நாள் கூட்டத்தில் ஆற்றிய உரை



"வெற்றி பெற்ற ஒவ்வோர் ஆணுக்குப் பின்னாலும் ஒரு பெண்." எனக்குக் கொடுத்த தலைப்பு இது. இந்தத் தலைப்பில் நான் பேசப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள், கோபம் வந்தாலும் உட்கார்ந்து கேளுங்கள். பிழைப்புக்காக நாம் வந்து சேர்ந்திருக்கும் இந்த ஊரில், யாருக்கும் பின்னால் நிற்க மாட்டேன் என்று சொன்ன பெண்கள் வாழ்ந்தார்கள். அவர்களுக்கும் நம் சென்னைக்கும் கொடுக்கல் வாங்கல் இருந்தது. அதைப் பேச வேண்டிய மேடை இது.

அபலா தாஸ் என்று ஓர் இளம்பெண். மருத்துவம் படிக்க ஆசைப்பட்டார். கல்கத்தா மருத்துவக் கல்லூரி பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. சென்னை மருத்துவக் கல்லூரியோ 1875-லேயே நான்கு பெண்களைச் சேர்த்திருந்தது. எனவே 1882-ல், வங்காள அரசின் உதவித்தொகையோடு, அந்தப் பெண் சென்னைக்குப் புறப்பட்டார். உடல்நலம் கெட்டதால் பட்டம் பெறாமல் திரும்ப நேர்ந்தது. ஆனாலும் ஓய்ந்துவிடவில்லை. 1919-ல் நாரி சிக்ஷா சமிதியைத் தொடங்கி, கிராமம் கிராமமாகப் பெண்களுக்குப் பள்ளிகள் நடத்தினார். இவரை நமக்கு எப்படித் தெரியும்? விஞ்ஞானி ஜகதீஸ் சந்திர போஸின் மனைவியாக! அவ்வளவுதான் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள்.

கல்கத்தாவில் அடைத்துக் கிடந்த அதே கதவைத் திறக்க வைத்தவர் காதம்பினி கங்கூலி. 1883-ல் சந்திரமுகி பாசுவும் இவரும் கல்கத்தாப் பல்கலைக்கழகத்தின் முதல் பெண் பட்டதாரிகள் ஆனார்கள். பிறகு காதம்பினி மருத்துவக் கல்லூரிக்குள் நுழைந்தார், மருத்துவரானார், பிள்ளைகளையும் வளர்த்தார். பொறுக்குமா ஊருக்கு? 1891-ல் 'பங்கபாசி' என்ற பத்திரிகை அவரை வேசி என்று பொருள்படும்படி எழுதியது. வெளியே போய் வேலை செய்யும் பெண்ணை வீழ்த்த எந்தக் காலத்திலும் எடுக்கும் ஆயுதம் அது. காதம்பினி அழுதுகொண்டு வீட்டுக்குள் போகவில்லை. நீதிமன்றம் போனார். கணவர் துவாரகாநாத் தோளோடு தோள் நின்றார். பத்திரிகை ஆசிரியருக்கு 6 மாதச் சிறை, 100 ரூபாய் அபராதம். அதோடும் நிற்கவில்லை, 1893-ல் கடல் கடந்து போய், எடின்பரோ, கிளாஸ்கோ, டப்ளின் என்று மூன்று ஊர்களின் மருத்துவத் தகுதிகளையும் பெற்று வந்தார்.

தோழர்களே, அந்தப் பத்திரிகையின் வாரிசுகள் நம் அடுக்குமாடிகளில் இருக்கிறார்கள். இரவு ஷிப்ட் முடிந்து, விடியற்காலையில் கம்பெனி வண்டியிலிருந்து இறங்கும் நம் வீட்டுப் பெண்ணைப் பற்றிப் பால்கனியில் நின்று பேசுகிறார்களே, அந்த வாய்களைத்தான் சொல்கிறேன். சிலர் இந்த அரங்கத்திலேயே இருக்கலாம். உங்கள் முகத்துக்கு நேராகச் சொல்கிறேன்: நிறுத்துங்கள்!

இன்னொருவர் ரொக்கையா சகாவத் உசேன். முறையாகப் பள்ளிக்கூடம் போகாதவர்; பர்தாவுக்குள் வளர்ந்தவர். அவர் ஆங்கிலத்தில் ஒரு கதை எழுதினார்: 'சுல்தானாவின் கனவு'. ஒரு நாட்டில் ஆண்கள் வீட்டுக்குள் அடைந்து கிடக்கிறார்கள். பெண்கள் ஆட்சி நடத்துகிறார்கள், சூரிய வெப்பத்தைச் சேமிக்கிறார்கள், வானத்தில் பறக்கிறார்கள். 1905-ல் அந்தக் கதையை வெளியிட்டது எந்த ஊர்ப் பத்திரிகை தெரியுமா? நம் சென்னையில், கமலா சத்தியநாதன் என்ற பெண் ஆசிரியராக இருந்து நடத்திய 'இந்தியன் லேடீஸ் மேகசின்'! வங்கத்துப் பெண் கண்ட கனவைச் சென்னைப் பெண் அச்சேற்றினார். கனவோடும் நிற்கவில்லை ரொக்கையா. 1911-ல் கல்கத்தாவில் 8 மாணவிகளோடு முஸ்லிம் பெண்களுக்குப் பள்ளி தொடங்கினார். சகாவத் நினைவுப் பள்ளி என்ற பெயரில் அது இன்றும் நடக்கிறது.

கடைசியாக, நாம் தினமும் கடந்து போகும் ஒரு பெயர். சிஸ்டர் நிவேதிதா பல்கலைக்கழகம் இதே நியூ டவுனில்தான் இருக்கிறது. நிவேதிதா அயர்லாந்தில் பிறந்து, 1898-ல் இங்கே வந்து, பாக்பஜாரில் பெண் குழந்தைகளுக்குப் பள்ளி திறந்தவர். அடுத்த ஆண்டு பிளேக் பரவியபோது தெருக் குப்பையைத் தன் கையால் அள்ளியவர். நம் மகாகவி பாரதி குருவாக ஏற்றது இவரைத்தான். 1908-லும் 1909-லும் வெளியிட்ட தன் பாட்டு நூல்களை இவருக்குச் சமர்ப்பணம் செய்தான். சந்தித்தபோது, மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று நிவேதிதா கேட்ட கேள்வி பாரதியை உலுக்கியது என்பார்கள். இந்த மேடையிலும் பாரதி படம் இருக்கிறது. ஒப்புவித்தல் போட்டி நடத்துகிறோம், பிள்ளைகளுக்கு முண்டாசு கட்டுகிறோம். அவனுக்கு ஒரு பெண் குருவாக இருந்தாள் என்று எந்தப் பிள்ளைக்குச் சொன்னோம்?

நிவேதிதா கேட்டதை நான் நம் சங்கத்தின் செயற்குழுவைக் கேட்கிறேன். ஐயா, உங்கள் வீட்டுப் பெண்கள் எங்கே? கோலப்போட்டிக்கு வருகிறார்கள், பந்தியில் பரிமாறுகிறார்கள். கணக்குப் புத்தகம் மட்டும் ஏன் அவர்கள் கைக்குப் போவதில்லை? "கூப்பிட்டோம், அவர்கள்தான் வருவதில்லை" என்கிறீர்கள். கூட்டத்தை ஞாயிறு இரவு எட்டு மணிக்கு வைக்கிறீர்களே, அந்த நேரத்தில் உங்கள் வீட்டில் தோசை சுடுவது யார்?

ஆகவே ஒரு தீர்மானம் கொண்டுவந்திருக்கிறேன். வரும் தேர்தலில் செயற்குழு இடங்களில் பாதி பெண்களுக்கு. தலைவர், பொருளாளர் பதவிகளில் ஒன்று கட்டாயம் பெண்ணுக்கு. கூட்டங்கள் இனிக் காலை பத்து மணிக்கு. அன்றைய சமையல் ஆண்கள் பொறுப்பு. முன்மொழிகிறேன். வழிமொழிகிறவர்கள் எழுந்து நின்று பெயரைச் சொல்லுங்கள். செயலாளர் குறிப்பேட்டில் எழுதிக்கொள்ளட்டும்.