பனிமலை யாத்திரையின் முதற் பாடம்
(ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவின் சுருக்கம்)



பனிச்சறுக்கு என்றதும், கம்பியில் ஓடும் நாற்காலியில் அமர்ந்து மேலேறிச் சீராக்கிய சரிவில் வழுக்கி இறங்குவதையே பலரும் எண்ணுவர். நான் இன்று கூறப் புகுவது அதுவன்று. தன் காலாலேயே மலையேறித் தன் காலாலேயே இறங்கும் யாத்திரை பற்றியதாகும்.

வழுக்கும் கட்டையைப் பூட்டிக்கொண்டு மேலேறுவது எங்ஙனம் என்று நீங்கள் கேட்கலாம். கட்டையின் அடியில் உரோமப் பட்டையொன்றை ஒட்டுவர். முன்னாளில் அது கடல்நாயின் தோல். இந்நாளில் அங்கோரா ஆட்டின் உரோமமும் நைலோனும். உரோமம் பின்னோக்கிப் படிந்திருப்பதால் கட்டை முன்னே செல்லும், பின்னே வழுக்காது. உச்சி சேர்ந்ததும் பட்டையை உரித்துப் பையில் வைத்து, குதிக்காலைப் பூட்டி இறங்குவர். ஒற்றைப் பலகையில் சறுக்குவோர்க்கு, இரண்டாகப் பிரித்து ஏறவும் ஒன்றாக இணைத்து இறங்கவும் தக்க பலகையுண்டு.

ஷேர்லொக் ஹோம்ஸ் கதைகளால் நாமறிந்த ஆதர் கொனன் டொயில், காசநோயுற்ற மனைவியாரின் பொருட்டு சுவிற்சர்லாந்தின் டாவோஸ் நகரில் தங்கியிருந்தார். 1894 மார்ச்சு மாதத்தில் அவர் 2,440 மீற்றர் உயரமான மையன்பெல்டர் பூர்க்கா கணவாயைக் கடந்து அரோசாவை அடைந்தார். சறுக்கில் அவர் புதியவர். ஆயினும் முந்திய ஆண்டே அவ்வழி சென்ற பிராங்கர் சகோதரர் இருவர் உடன் சென்றனர், விடியுமுன்னரே புறப்பட்டனர். செங்குத்தான ஓரிடத்தில் கட்டைகள் கைநழுவி ஓடிவிட, டொயில் அமர்ந்தபடியே சறுக்கி இறங்கினார். தமது காற்சட்டை பட்ட பாட்டை அவரே பின்னர் நகைச்சுவையுடன் எழுதினார். வழியறிந்த துணையும் வேளையறிந்த புறப்பாடும் புதியவரைக் காத்தன.

இதிலே நகைப்புக்கு இடமில்லாத பகுதி ஒன்றுண்டு. அதுதான் பனிச்சரிவு. உயிரைக் கொள்ளும் சரிவுகளிற் பெரும்பாலானவை 30 பாகைக்கு மேற்பட்ட சாய்விலேயே பெயர்கின்றன. அவற்றைப் பெயர்த்துவிடுபவரும் பெரும்பாலும் அதிற் சிக்குபவரே, அல்லது அவருடன் வந்தவரே. ஆகையால், புதியவர் மலையின் உயரத்தைப் பார்த்து வழி தேர்தல் கூடாது. சாய்வைப் பார்த்தே தேர்தல் வேண்டும். தாம் செல்லும் இடம் 30 பாகைக்குக் குறைந்திருந்தால் மட்டும் போதாது. அதற்கு மேலே செங்குத்தான சரிவு தொங்காமலும் இருத்தல் வேண்டும்.

டாவோஸிலுள்ள பனி, பனிச்சரிவு ஆராய்ச்சி நிலையம் அபாயத்தை ஐந்து படிகளாக வகுத்துக் குளிர்காலத்தில் அறிக்கை வெளியிடுகின்றது. அதை வாசியாது புறப்படலாகாது. ஒவ்வொருவரிடமும் சைகை அனுப்பும் கருவியும், நீண்ட துழாவு கோலும், மண்வாரியும் இருத்தல் வேண்டும். புதையுண்டவரை முதற் பத்து நிமிடத்துள் தோண்டி எடுத்தாற் பெரும்பாலும் பிழைப்பார். அரை மணி கடந்தாற் பிழைப்பது அரிது. வெளியிலிருந்து உதவி வரும்வரை காலம் காத்திராது. உடன் சென்ற தோழனே அங்கு வைத்தியன். ஆதலின், கருவியைப் பயன்படுத்தத் தெரியாத தோழன் தோழனாகான்.

நண்பர்களே, இவற்றிலெல்லாம் அரிய பாடம் வேறொன்று. உச்சி நூறு அடி தூரத்தில் தெரிகின்றது, காற்று மாறுகின்றது, காலடியில் பனி "தொம்" என்று அமிழ்ந்து ஒலிக்கின்றது. அது மலை தரும் எச்சரிக்கை. அவ்வேளையில் "திரும்புவோம்" என்று கூட்டத்தில் இளையவன் சொன்னாலும் மூத்தவன் கேட்க வேண்டும். முன்னேறுவதற்கு உடல் வலிமை போதும். திரும்புவதற்கு மன வலிமை வேண்டும். உச்சி அடுத்த ஆண்டும் அங்கேயே இருக்கும். அதைக் காண நாமும் இருத்தல் வேண்டும் அல்லவா?