சாரதியும் சொந்தக்காரரும்



விலையுயர்ந்த கார் ஒன்றைத் தாமே ஓட்டிச் செல்லும் சொந்தக்காரரின் முகத்தை நீங்கள் கவனித்திருப்பீர்கள். அதிலே ஒரு தனி நிறைவு துலங்கும். அந்நிறைவு எதிலிருந்து பிறக்கிறது? எஞ்சினிலிருந்தா, மெத்தென்ற ஆசனத்திலிருந்தா, அல்லது வீதியோரத்தில் நின்று பார்ப்பவர்களின் கண்களிலிருந்தா? இதுவே இன்றைய உரையின் பொருள்.

இது செல்வர்களுக்கு மட்டுமே உரிய கேள்வி என்று யாரும் ஒதுக்கிவிட வேண்டாம். 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி, 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அதன்பின், கார் வாங்குவது பற்றிய பேச்சு தோப்பூர் போன்ற சிற்றூர்களிலும் திண்ணைக்குத் திண்ணை எழுந்திருக்கிறது. காணியை ஈடு வைக்கலாமா, லீசிங் எடுக்கலாமா, இன்னும் இரண்டு ஆண்டு வெளிநாட்டில் உழைக்கலாமா என்று குடும்பங்கள் கணக்குப் போடுகின்றன. பெரும்பொருள் கொடுத்து ஒன்றை வாங்க முனைவோர், தாம் வாங்குவது உண்மையில் எதனை என்று அறிந்திருத்தல் நல்லதன்றோ?

இதனை ஆராய நமக்கு அருமையான சாட்சிகள் இருக்கிறார்கள். தோப்பூர், மூதூர், கிண்ணியாப் பகுதிகளிலிருந்து வளைகுடா நாடுகளுக்குச் சென்று, அங்கே வீட்டுச் சாரதிகளாகப் பணியாற்றியவர்களைத்தான் சொல்கிறேன். அவர்கள் ஓட்டிய கார்களுட் சில, நம் நாட்டின் பெருஞ்செல்வரும் எளிதில் வாங்க இயலாதவை. சொந்தக்காரர் பிடித்த அதே சுக்கானை அவர்கள் பிடித்தார்கள். அதே ஆசனத்தில் அமர்ந்தார்கள். அதே குளிர்காற்றை நுகர்ந்தார்கள். ஆயினும், சொந்தக்காரர் பெற்ற இன்பத்தை அவர்கள் பெற்றார்கள் என்று நாம் சொல்வோமா? சொல்லமாட்டோம். அப்படியானால், சாரதிக்குக் கிடைத்தது எது, கிடைக்காதது எது என்று பிரித்துப் பார்த்தால், நம் கேள்விக்கு விடை தானே வெளிப்படும்.

முதலில், சாரதிக்குக் கிடைத்ததைக் காண்போம். அது பொறியின் சிறப்பு. நல்ல கார் ஒன்றின் கதவு மூடும் ஓசையே வேறு. தகரம் தட்டும் ஓசையாக இராமல், கனமான பெட்டகம் ஒன்று மூடுவது போல் அடங்கிய ஓசையாக இருக்கும். வீதியின் மேடுபள்ளங்களைச் சில்லுகள் அறியும், அமர்ந்திருப்பவர் அறியார். முன்னே செல்லும் லொறியைக் கடக்க வேண்டுமானால், பாதத்தைச் சற்றே அழுத்தினாற் போதும். தேவைக்கு மேற்பட்ட வலிமை எஞ்சினில் அடங்கிக் கிடக்கிறது என்னும் நினைவே, அதைப் பயன்படுத்தாதபோதும் மனத்துக்கு ஓர் அமைதியைத் தருகிறது.

இவ்வமைதியைத் தம் தொழிலின் இலட்சியமாகவே கொண்டவர்கள் உண்டு. 1904ஆம் ஆண்டு மான்செஸ்டர் நகரில் சந்தித்த சார்ல்ஸ் றோல்ஸ், ஹென்றி றோய்ஸ் என்னும் இருவரின் பெயரால் எழுந்த நிறுவனத்தை யாவரும் அறிவர். 1907இல் அவர்களது கார் ஒன்று ‘சில்வர் கோஸ்ட்’, அதாவது வெள்ளி ஆவி, என்று பெயர் பெற்றது. வெள்ளி நிறம் பூண்டு, ஆவியைப் போல் அரவமின்றி அது சென்றமையே காரணம். அந்நிறுவனம் 2020இல் வெளியிட்ட ‘கோஸ்ட்’ காரில், ஓசையை உறிஞ்சும் பொருள்கள் மட்டும் 100 கிலோகிராமுக்கு மேல் சேர்க்கப்பட்டன. அப்போது ஒரு வேடிக்கை நிகழ்ந்தது. உள்ளே அமர்ந்தவர்களுக்கு அந்த முழுமையான மௌனம் தடுமாற்றத்தைத் தந்ததாம்! ஆகவே பொறியியலாளர்கள் மெல்லிய முணுமுணுப்பு ஒன்றை வேண்டுமென்றே அதில் விட்டுவைத்தார்கள். மனிதன் விரும்பும் மௌனத்துக்கும் ஓர் எல்லை உண்டு போலும்.

இச்சிறப்பு மெய்யானது, கைவினைஞரின் உழைப்பில் விளைந்தது. அதை ரசிப்பவரை நாம் குறைகூற வேண்டியதில்லை. ஆனால், அது எவ்வளவு காலம் ரசிக்கப்படுகிறது?

அந்நாளில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய உளவியலறிஞர் நோர்பேர்ட் ஷ்வார்ஸ், பொருளியலுக்கான நோபல் பரிசை 2002இல் பெற்ற டானியல் கானமன், ஜிங் சூ ஆகிய மூவரும் 2009இல் வெளியிட்ட ஆய்வொன்று இதற்கு விடை கூறுகிறது. “பொதுவாக உங்கள் காரை ஓட்டும்போது எவ்வாறு உணர்கிறீர்கள்?” என்னும் வகையில் வினவியபோது, விலை கூடிய காரை உடையவர்கள் கூடுதலான இன்பத்தைக் கூறினார்கள். ஆனால், கடைசியாக வேலைக்குச் சென்று வந்த பயணத்தை நினைத்து விடையளிக்கச் சொன்னபோதோ, காரின் விலைக்கும் அவர்கள் அடைந்த இன்பத்துக்கும் தொடர்பே காணப்படவில்லை! ஓட்டுவதற்காகவே ஓட்டிய பயணங்களில் மட்டும் காரின் தரம் மீண்டும் இன்பம் தந்தது. காரணம் வெளிப்படை. அன்றாடப் பயணத்தில் நம் மனம் காரில் இருப்பதில்லை. பிள்ளையின் பரீட்சையிலும், அலுவலகத்துச் சிக்கலிலும், கடனின் தவணையிலும் அது அலைகிறது. மனம் காரைக் கவனிக்கும்போது மட்டுமே கார் இன்பம் தருகிறது.

இதனுடன் மற்றோர் உண்மையையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். இன்று சொகுசாக இருப்பது நாளை எல்லோருக்கும் பொதுவாகிவிடும். முற்காலத்தில் எஞ்சினை உயிர்ப்பிக்க, காரின் முன்னே நின்று இரும்புக் கைபிடியைச் சுழற்ற வேண்டியிருந்தது. 1912இல் கடிலக் கார்களில் மின்சாரத்தால் எஞ்சினைத் தொடக்கும் கருவி வந்தது. அன்று அது பெருஞ்செல்வரின் வசதி. இன்றோ முச்சக்கர வண்டியிலும் அது உண்டு. வழுக்கும் வீதியில் சில்லுகள் இறுகி நின்றுவிடாது காக்கும் பிரேக் அமைப்பு 1978இல் பென்ஸ் நிறுவனத்தின் உயர்தரக் காரில் இடம்பெற்றது. இன்று அது சிறிய கார்களிலும் இருக்கிறது. றோல்ஸ் றோய்ஸ் நூறாண்டாகத் தேடிய மௌனத்தின் பெரும் பகுதியை, எஞ்சின் ஓசையே இல்லாத மின்சாரக் கார்கள் இன்று குறைந்த விலைக்குக் கொடுக்கின்றன. ஆகவே, மிகுந்த பணம் கொடுத்து வாங்கும் பொறிச் சிறப்பு, பழக்கத்தால் ஒரு பக்கம் தேய்கிறது. காலத்தால் மறுபக்கம் பொதுவாகிறது.

அடுத்தது, பிறர் கண்கள். இது சாரதிக்குக் கிடைக்காத ஒன்று; ஏனெனில் பார்ப்பவர்கள் காரைப் பார்த்தபின், அது யாருடையது என்றே கேட்பார்கள். அமெரிக்க அறிஞர் தோர்ஸ்டைன் வெப்லன் 1899இல் எழுதிய நூலில், பிறர் காணும்படி செலவிடுதலே செல்வத்தின் மொழி என்று விளக்கினார். அவருக்கு நெடுங்காலம் முன்பே, அற்பனுக்கு வாழ்வு வந்தால் அர்த்தராத்திரியில் குடை பிடிப்பான் என்று நம்மவர் சொல்லி வைத்தார்கள். ஆயினும் இப்பழமொழியை எல்லோர் மீதும் எறிந்துவிடுதல் நியாயமாகாது. ஏழ்மையில் வளர்ந்து, பாலைவன வெயிலில் பல்லாண்டு உழைத்து, தன் ஊர் வீதியில் தன் காரில் ஒருவர் வரும்போது, ‘நான் தோற்றுவிடவில்லை’ என்று அவர் ஊருக்குச் சொல்கிறார். அச்சொல்லில் வெறும் பகட்டு மட்டும் இல்லை. நெடுநாள் பட்ட சிறுமைக்கு ஒரு மறுமொழியும் இருக்கிறது.

ஆனால் அந்த மறுமொழி நிலைப்பதில்லை. அயலவர் அதைவிடப் பெரிய காரை வாங்கிய நாளிலேயே அது பழையதாகிவிடுகிறது. 2022ஆம் ஆண்டின் எரிபொருள் நெருக்கடியை நாம் மறந்துவிடவில்லை. பெற்றோல் நிலையத்தின் முன், சொகுசுக் காரும் பழைய காரும் முச்சக்கர வண்டியும் ஒரே வரிசையில் நாட்கணக்கில் நின்றன. பின்னர் கியூஆர் முறை வந்தபோது, தொடக்கத்தில் காருக்கு வாரம் 20 லீற்றர் என்றுதான் வரையறை இருந்தது. அதன் விலை என்ன என்று எவரும் கேட்கவில்லை. பெருமையை நிறுத்திவிட ஒரு வெற்றுத் தாங்கி போதுமாயிருந்தது.

இனி மூன்றாவதைக் காண்போம். அதுவும் சாரதிக்குக் கிடைக்காததே. வளைகுடாவில் கார் ஓட்டியவர் எங்கே போவது என்று தாமே முடிவு செய்யவில்லை. எப்போது திரும்புவது என்றும் முடிவு செய்யவில்லை. திருக்குறளின் பழஞ்சிந்தனையிலேயே, சிவிகையைச் சுமப்பவனும் அதில் ஊர்ந்து செல்பவனும் அருகருகே வைத்துப் பேசப்படுகிறார்கள். இருவரும் செல்வது ஒரே வழிதான். ஆனால் வழியைத் தெரிவு செய்தவர் ஒருவரே. சொந்தக் காரின் உண்மையான சுவை இதிலேதான் இருக்கிறது. நினைத்த நேரத்தில் புறப்படலாம். நினைத்த இடத்தில் நிற்கலாம். எவருடைய அனுமதியும் வேண்டியதில்லை.

இச்சுவைக்கும் காரின் விலைக்கும் எவ்வளவு தொடர்பு? கொழும்பிலே, 1864இல் தோன்றிய கோல்பேஸ் ஹோட்டலில் 1935ஆம் ஆண்டின் ‘ஸ்டாண்டர்ட் நைன்’ கார் ஒன்று காட்சிக்கு வைக்கப்பட்டது. பிரித்தானியக் கடற்படையில் இளம் பயிற்சி அதிகாரியாக இலங்கையில் இருந்தபோது, 1940இல் அதை 12 பவுணுக்கு வாங்கியவர் பிலிப் இளவரசர். பின்னாளில் எலிசபெத் மகாராணியாரின் கணவரானவர். நம் திருகோணமலைத் துறைமுகத்தை 1957 வரை தளமாகக் கொண்டிருந்ததும் அதே கடற்படைதான். அரச பவனிகளில் எத்தனையோ றோல்ஸ் றோய்ஸ் கார்கள் பிற்காலத்தில் அவரைச் சுமந்தன. ஆனால் அவர் சொந்தமாக வாங்கிய முதற் கார் என்று பேசப்படுவது இந்தப் பழைய சிறு கார்தான். இதற்கு நேர்மாறாக, ஹைதராபாத் நிஜாமுக்காக 1912இல் உருவான மஞ்சள் நிற சில்வர் கோஸ்ட், சிம்மாசனம் போன்ற ஆசனத்தோடு விளங்கிய போதிலும், ஓடியதோ சில நூறு மைல்கள் மட்டுமே. ஒன்று ஓட்டுவதற்காக வாங்கப்பட்டது. மற்றது காண்பதற்காகச் செய்யப்பட்டது.

நேயர்களே, அந்தச் சுதந்திரமும் சொந்தக்காரர் தனியே சம்பாதித்ததன்று. தோப்பூரிலிருந்து மூதூர், கிண்ணியா வழியாகத் திருகோணமலைக்குச் செல்வோர், கிண்ணியாவில் ‘பாதை’க்காகக் காத்து நின்ற காலத்தை நடுவயதினர் அறிவர். எவ்வளவு உயர்ந்த காராயினும், பாதை அக்கரையில் நின்றால் இக்கரையில் நிற்கத்தான் வேண்டும். 2009இல் 396 மீற்றர் நீளமான பாலம் திறக்கப்பட்டபின்னரே அந்தக் காத்திருப்பு நீங்கியது. காரின் மென்மையில் பாதி, வீதியின் மென்மை. அதன் வேகத்தில் பாதி, பாலத்தின் கொடை. அவை பொதுமக்களுடைய உடைமை.

ஆகவே, விலை கொடுத்து வாங்கும் சிறப்புகளுள் மிக அதிக விலையுள்ளதே மிக விரைவில் தேய்கிறது. மிக நீண்டு நிலைக்கும் சுதந்திரமோ, ஓடக்கூடிய எந்தக் காரிலும் கிடைக்கிறது. வசதி உள்ளவர் சொகுசுக் கார் வாங்கட்டும்; இடையிடையே எந்த வேலையுமின்றி, அதை ஓட்டும் சுகத்துக்காகவே ஓட்டட்டும். அவ்வின்பம் அப்போதுதான் உயிர்க்கும். ஆனால் கடன்பட்டு வாங்க எண்ணுபவர் ஒன்றைச் சிந்திக்க வேண்டும். மாதந்தோறும் தவணைக்காக அஞ்சி, விடுமுறைக்கும் ஊருக்கு வரமுடியாது வெளிநாட்டில் தங்கி உழைப்பவர், தன் காரின் சொந்தக்காரரா? காரின் மிகச் சிறந்த சுவையாகிய சுதந்திரத்தையே விற்று, அதன் மிக நிலையற்ற சுவைகளை அவர் வாங்கியிருக்கிறார். சுக்கான் அவர் கையில் இருக்கலாம். வழியைத் தெரிவு செய்பவர் வேறொருவர். அவர் மீண்டும் சாரதியாகவே ஆகிவிட்டார்.

நள்ளிரவில் அயல்வீட்டில் ஒரு தாய்க்கு நோவு கண்டால், எந்தக் கதவைத் தட்டலாம் என்று சிற்றூரார் அறிவார்கள். தட்டப்படும் கதவுக்குள் நிற்கும் கார் புதியதா பழையதா என்று அவ்வேளையில் எவரும் பார்ப்பதில்லை. மூதூர் வைத்தியசாலைக்கு அதை உடனே எடுத்துச் செல்ல முடிந்தவரே, அந்தக் காரின் முழுமையான சொந்தக்காரர்.