புகார் கொடுத்தவருக்கு மேல்முறையீடு எங்கே?



நடுராத்திரியில் எழுந்து வந்து நம் பிள்ளைகளைப் பிழைக்கவைத்த மருத்துவர்களை நாம் மறந்தவர்கள் அல்ல. அவர்களுக்குக் கெட்ட பெயர் வாங்கித் தருகிறவர்களைத் தட்டிக்கேட்க ஓர் இடம் இருக்கிறதே, அதைப் பற்றித்தான் பேச வந்தேன்.

1914-இல் சென்னை மாகாணம் போட்ட சட்டத்தின் வழியே வந்தது நம் மாநில மெடிக்கல் கவுன்சில். தவறு செய்த மருத்துவரை எச்சரிக்கலாம், பதிவேட்டிலிருந்து பெயரையே எடுக்கலாம். இழப்பீடு கேட்க நுகர்வோர் நீதிமன்றம் உண்டு; 1995-இல் உச்ச நீதிமன்றமே அந்தக் கதவைத் திறந்துவிட்டது. ஆனால் இவர் இனி ஒரு நோயாளியைத் தொடலாமா என்று விசாரிக்க வேண்டியது கவுன்சில்தான்.

மனைவியைப் பறிகொடுத்த ஒருவர் அங்கே புகார் கொடுக்கிறார். கவுன்சில் தள்ளுபடி செய்கிறது. அடுத்து எங்கே போவார்? பழைய இந்திய மெடிக்கல் கவுன்சில் விதியில், பாதிக்கப்பட்ட எவரும் 60 நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்று இருந்தது. 2019-இல் தேசிய மருத்துவ ஆணையச் சட்டத்தைக் கொண்டுவந்தார்கள். அதன் 30-ஆம் பிரிவைப் படித்துப் பாருங்கள். மேல்முறையீடு உண்டு. யாருக்கு? நடவடிக்கைக்கு ஆளான மருத்துவருக்கு! பிணத்தை வீட்டுக்குக் கொண்டுபோனவரைப் பற்றி அதில் ஒரு சொல் இல்லை. எழுதியவர்களுக்கு அவர் நினைவே வரவில்லையா? ஆணையம் மனமிரங்கி அவருடைய மனுவை வாங்கலாம் என்பார்கள். இரக்கம் யாருக்கு வேண்டும்? சட்டத்தில் அவர் பெயருக்கு ஒரு வரி வேண்டும்!

இங்கிலாந்தில் ஹரால்ட் ஷிப்மன் என்றொரு மருத்துவர். பெத்திடின் மருந்துக்குப் போலிச் சீட்டு எழுதி 1976-இல் தண்டனை பெற்றவர். அந்நாட்டு மெடிக்கல் கவுன்சில் அவர் பெயரை நீக்கவில்லை, எச்சரித்து விட்டுவிட்டது. பிறகு ஹைட் என்ற ஊரில் மருத்துவம் பார்த்தார். 15 பேரைக் கொன்றதாக 2000-இல் தீர்ப்பு வந்தது. பின்னர் நடந்த விசாரணை 215 பேர் என்று கணக்குச் சொன்னது. நம்பிக் கதவைத் திறந்துவிட்ட வயதான பெண்கள்தான் அதில் பெரும்பாலோர். நோயாளிகளின் நலனைவிட மருத்துவர்களின் நலனையே கவுன்சில் பார்த்தது என்று விசாரித்த நீதிபதி ஜேனட் ஸ்மித் முகத்துக்கு நேரே சொன்னார். இன்று அந்தக் கவுன்சிலில் 12 பேர். பாதிப்பேர் மருத்துவர் அல்லாதவர்கள். தண்டனை போதாது என்றால் உயர் நீதிமன்றம் போக அங்கே தனி அமைப்பும் உண்டு.

அத்தனை சாவுக்குப் பிறகுதான் நமக்கும் புத்தி வர வேண்டுமா?

30-ஆம் பிரிவைத் திருத்துங்கள். விசாரிக்கும் இடத்தில் மருத்துவர் அல்லாத நம்மவர்களையும் உட்காரவையுங்கள். இந்த இரண்டையும் கேட்கும் மனு மேடைக்குக் கீழே இருக்கிறது. கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். இன்னொன்று. மருத்துவமனையில் யாராவது இருந்தால் கேஸ் ஷீட்டை எழுத்தில் கேளுங்கள். 72 மணி நேரத்துக்குள் கொடுத்தாக வேண்டும் என்பது மருத்துவர்களுக்கான நடத்தை விதி. கேட்டதற்கான ஒப்புகையையும் வாங்கிக்கொள்ளுங்கள், தாய்மார்களே!