விழக் கற்றவள் எழுந்து நிற்பாள்
(நெல்லிவாசல்நாட்டில் நடந்த கூட்டமைப்புக் கூட்டத்தில் பேசியது)



சேமிப்பு, கடன் பற்றியெல்லாம் பேசி முடிச்சாச்சு. இனி நம்ம பெண் பிள்ளைங்களைப் பற்றிக் கொஞ்சம் பேசலாம். "வயசுக்கு வந்த பொண்ணுக்கு விளையாட்டு எதுக்கு?" என்று கேட்கிறவங்க நம்ம குழுக்களிலேயே இருக்காங்க. அவங்களுக்காகத்தான் மணிப்பூரைச் சேர்ந்த சுசீலா தேவி லிக்மாபம் பற்றிச் சொல்ல வந்தேன்.

சுசீலா ஜூடோ வீராங்கனை. ஜூடோ என்பது ஜப்பான் நாட்டு மல்யுத்தம் மாதிரி. ஆயுதம் கிடையாது, அடி உதை கிடையாது. எதிராளியின் கெட்டித் துணிச் சட்டையைப் பிடித்து, அவர் நிலை தடுமாறும் நேரம் பார்த்துச் சாய்க்க வேண்டும். முதுகு முழுசாக விரிப்பில் படும்படி வேகமாக வீழ்த்திவிட்டால் அத்தோடு வெற்றி. இதில் முதல் பாடம் என்ன தெரியுமா? அடிபடாமல் விழுவது எப்படி என்பதுதான்.

சுசீலா 1995இல் இம்பால் நகருக்குப் பக்கத்தில் பிறந்தவர். 2002இல், ஏழு வயதில், ஜூடோ தெரிந்த உறவினர் ஒருவர் அவரைப் பயிற்சிக்கு அழைத்துப் போனார். 2014இல் கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 48 கிலோ பிரிவில் வெள்ளிப் பதக்கம் வாங்கினார். மணிப்பூர் காவல் துறையில் வேலையும் கிடைத்தது.

2018இல் தொடைத் தசையில் காயம். ஆசிய விளையாட்டுப் போட்டிக்குப் போக முடியவில்லை. வெளிநாட்டுப் போட்டிகளுக்குப் போகப் பணமும் இல்லை. என்ன செய்தார்? ஆசையாக வாங்கிய காரை விற்றார். 2019இல் தெற்காசியப் போட்டியில் தங்கம். 2021இல் டோக்கியோ ஒலிம்பிக் ஜூடோவில் இந்தியா சார்பில் கலந்துகொண்டவர் அவர் ஒருவர் மட்டும்தான். அங்கே முதல் சுற்றிலேயே தோற்றார். ஆனாலும் மறு வருஷமே, 2022இல், பர்மிங்காம் காமன்வெல்த்தில் மறுபடியும் வெள்ளி!

பெண்களுக்கு இந்தக் கதவு லேசில் திறக்கவில்லை. 1959இல் அமெரிக்காவில் ரஸ்டி கனோகோகி என்ற பெண் ஆண் வேஷத்தில் ஜூடோ போட்டியில் கலந்துகொண்டு ஜெயித்தார். பெண் என்று தெரிந்ததும் பதக்கத்தைத் திருப்பி வாங்கிவிட்டார்கள். அதே பெண் முன்னின்று 1980இல் நியூயார்க்கில் பெண்களுக்கான முதல் உலக ஜூடோ போட்டியை நடத்திக் காட்டினார். அதில் மொத்தம் எட்டுப் பட்டங்கள். மூன்றை வென்றது ஆஸ்திரியா நாட்டுப் பெண்கள். அது நம்மைப் போலவே மலைகள் நிறைந்த சின்ன நாடு! ஒலிம்பிக்கில் பெண்கள் ஜூடோவுக்குப் பதக்கம் வந்தது 1992இல்தான்.

இதையெல்லாம் ஏன் சொல்றேன்? நம்ம பிள்ளைங்க மேட்டிலும் பள்ளத்திலும் ஏறி இறங்கி வளர்ந்தவங்க. உடம்பில் தெம்பு இருக்கு. இல்லாதது என்ன? கூடவே அழைத்துப் போக ஒரு ஆள். சுசீலாவுக்கு அப்படி ஒருத்தர் இருந்தார். நம்ம பிள்ளைங்களுக்கு நாம இருக்கலாமே.

தமிழ்நாடு விளையாட்டு மேம்பாட்டு ஆணையம் விளையாட்டு விடுதிகள் நடத்துகிறது. தேர்வாகும் பிள்ளைகளுக்குத் தங்குமிடம், சாப்பாடு, பயிற்சி, கூடவே பள்ளிப் படிப்பும் உண்டு. திருப்பத்தூரில் மாவட்ட விளையாட்டு அலுவலரைக் கேட்டால் விவரம் சொல்வார்கள். அரசு வேலையிலும் விளையாட்டு வீரர்களுக்கு 3 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது.

அதனால் ஒவ்வொரு குழுவும் இந்த மாதம் மூன்று தீர்மானம் எழுதுங்க.

1. பயிற்சி முடிந்து இருட்டும் நேரத்தில் வரும் பெண் பிள்ளைகளை, தாய்மார்கள் முறை வைத்து அழைத்து வருவோம்.

2. போட்டிக்குப் போகும் பிள்ளைக்கு பஸ் செலவு, ஷூ செலவுக்கு உள்கடன் கொடுப்போம். அதையும் படிப்புச் செலவாகவே நினைப்போம்.

3. 18 வயசுக்கு முன்னால் எந்தப் பெண்ணுக்கும் கல்யாணப் பேச்சு எடுக்க மாட்டோம்.

எல்லாப் பிள்ளையும் ஒலிம்பிக் போக முடியாது. ஆனால் விழுந்தால் எழ முடியும் என்று தெரிந்த பிள்ளையை யாரும் சுலபமாக அடக்கிவிட முடியாது. அந்தத் தைரியத்தை நம்ம பெண்களுக்குக் கொடுப்போம்.