தாளும் ஆளும்



இந்த அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு அழைத்தபோது, மருத்துவம் படிப்பவர்களும் செவிலியம் படிப்பவர்களும் ஒரே அரங்கில் உட்கார்ந்து கேட்பார்கள் என்று சொன்னார்கள். என்ன பேசுவது என்பது அப்போதே முடிவாகிவிட்டது. வகுப்பில் தனித்தனியாகப் படித்துவிட்டு, நாளை ஒரே கட்டிலுக்கு இரண்டு பக்கமும் நிற்கப்போகிறவர்கள் நீங்கள். அந்தக் கட்டிலருகே யார் யாரிடம் என்ன சொல்லலாம் என்பதைத் தொட்டு இந்த நூற்றாண்டில் வந்த சில ஆய்வுகளைப் பற்றிப் பேசுகிறேன். புது மருந்து, புதுக் கருவி எதுவும் இவற்றில் கிடையாது. பெரும்பாலானவற்றின் நடுவில் இருப்பது ஒரு செக்லிஸ்ட், செய்ய வேண்டிய படிகளை வரிசையாக எழுதிய ஒரு தாள்.

2001ஆம் ஆண்டு. அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் மருத்துவமனை. தீவிர சிகிச்சைப் பிரிவில் பணியாற்றிய பீட்டர் ப்ரோனவோஸ்ட் என்ற மருத்துவர் சென்ட்ரல் லைனைப் பற்றிக் கவலைப்பட்டார். கழுத்திலோ தோளுக்குக் கீழோ பெரிய ரத்தக்குழாய்க்குள் செலுத்தும் அந்தக் குழாய் உயிரைக் காக்கும். கிருமியையும் நேரே ரத்தத்துக்குள் கொண்டுபோகும். தடுக்க வழி தெரியாமலா இருந்தது? பாடப்புத்தகத்தில் இருந்ததுதான். கையைக் கழுவு. தோலைக் குளோர்ஹெக்சிடினால் துடை. தொப்பி, முகக்கவசம், கவுன், கையுறை அணிந்து நோயாளியின் உடல் முழுவதையும் துணியால் மூடு. கூடுமானவரை தொடையில் போடாதே. தேவை முடிந்ததும் எடுத்துவிடு. ஐந்தே வரி; அதுதான் அவருடைய செக்லிஸ்ட்.

மருத்துவர்கள் லைன் போடுவதைச் செவிலியர்களிடம் ஒரு மாதம் சும்மா கவனிக்கச் சொன்னார். மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்ட நோயாளிகளுக்கு ஏதாவது ஒரு படி விட்டுப்போயிருந்தது. உலகப் புகழ் பெற்ற மருத்துவமனையில்!

அடுத்து அவர் செய்ததில் இரண்டு காரியங்களை நீங்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும். முதலாவது சின்னது. லைன் போடத் தேவையான சாமான்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு அலமாரியில் கிடந்தன. அவற்றையெல்லாம் ஒரே தள்ளுவண்டியில் சேர்த்தார். கவுனைத் தேடி வராந்தாவில் அலைய வேண்டியிருந்தால், டியூட்டி நெருக்கடியில் யாராக இருந்தாலும் கவுன் இல்லாமலேதான் போட்டுவிடுவார்கள். இதைச் சோம்பல் என்று திட்டிப் பயனில்லை. இரண்டாவதுதான் பெரியது. ஒரு படியை மருத்துவர் தவறவிட்டால், உயிர் போகும் அவசரம் இல்லாதபட்சத்தில், செவிலியர் வேலையை நிறுத்தலாம் என்று நிர்வாகம் அறிவித்தது. சங்கடப்பட்டவர்கள் இரு தரப்பிலும் இருந்தார்கள். தொற்றுக் கணக்கு என்னவோ இறங்கத் தொடங்கியது.

பிறகு மிச்சிகன் மாநிலத்தில் 103 தீவிர சிகிச்சைப் பிரிவுகளில் இதையே செய்தார்கள். முடிவு 2006இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வெளிவந்தது. ஆயிரம் குழாய்-நாட்களுக்கு 2.7 என்று இருந்த தொற்றின் இடைநிலை அளவு, மூன்றே மாதத்தில் பூஜ்யத்துக்கு வந்து, பதினெட்டு மாதம் கழித்தும் அங்கேயே நின்றது. ஒப்பிட்டுப் பார்க்கத் தனிக்குழு எதையும் வைக்கவில்லை என்பது இந்த ஆய்வின் குறை. அதை மறைத்துப் பாடம் சொல்லக்கூடாது. ஆனாலும் அங்கே தாளை மட்டும் அச்சடித்து அனுப்பவில்லை. ஒவ்வொரு பிரிவிலும் ஒரு மருத்துவரும் ஒரு செவிலியரும் சேர்ந்து தலைமை ஏற்றார்கள். தங்கள் பிரிவின் தொற்றுக் கணக்கு தங்களுக்கே திரும்பி வந்துகொண்டிருந்தது.

  

அறுவை அரங்குக்கு வருவோம். அறுவை மருத்துவர் அதுல் கவாண்டே முன்னின்று உலக சுகாதார நிறுவனத்துக்காக உருவாக்கிய 19 அம்ச செக்லிஸ்டைப் புது டெல்லி, மணிலா, லண்டன், தான்சானியாவின் இஃபகாரா உள்ளிட்ட எட்டு ஊர்களில் சோதித்தார்கள். மயக்க மருந்துக்கு முன், கத்தி வைப்பதற்கு முன், நோயாளி தியேட்டரை விட்டு வெளியேறுவதற்கு முன் என்று மூன்று நிறுத்தங்கள். இரண்டாவது நிறுத்தத்தில் எல்லோரும் தங்கள் பெயரையும் வேலையையும் சொல்ல வேண்டும். 2009இல் வெளியான முடிவின்படி இறப்பு 1.5 சதவீதத்திலிருந்து 0.8 ஆகவும், சிக்கல்கள் 11லிருந்து 7 சதவீதமாகவும் குறைந்தன. பெயரைச் சொல்வதில் என்ன இருக்கிறது என்று மூத்த அறுவை மருத்துவர்கள் சிரிப்பார்கள். ஒருமுறை வாய் திறந்து பேசிவிட்டவர், பஞ்சுக் கணக்கு இடிக்கும்போது மறுபடியும் பேசுவார். நான் அறிந்தவரை, பேசாதவர் பேசாமலேயே இருந்துவிடுவார்.

உலகமே இந்தத் தாளை எடுத்துக்கொண்டது. கனடாவின் ஒண்டாரியோ மாகாணத்தில், எல்லா மருத்துவமனைகளும் பயன்படுத்துகிறோம் என்று அரசுக்குக் கணக்குக் கொடுக்க வேண்டும் என உத்தரவே வந்தது. கொடுத்தார்கள், ஏறக்குறைய நூற்றுக்கு நூறு. 2014இல் 101 மருத்துவமனைகளின் புள்ளிவிவரத்தை ஆராய்ந்தபோது இறப்பு 0.71லிருந்து 0.65 சதவீதம். தற்செயல் என்று தள்ளிவிடக்கூடிய வேறுபாடு அது. அந்தத் தாள்களில் கையெழுத்து எப்படி விழுந்திருக்கும் என்று இந்த அரங்கில் இருக்கும் வார்டு சிஸ்டர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. டியூட்டி முடிகிற நேரத்தில் எட்டு மணி நேரத்து சார்ட்டையும் ஒரே மூச்சில் நிரப்புவதைப் பார்க்காதவர் யார்?

அமெரிக்காவின் தென் கரோலினாவில் நடந்தது வேறு மாதிரி. விருப்பப்பட்டு வந்த மருத்துவமனைகள் மட்டும், தாளைத் தங்கள் தியேட்டருக்கு ஏற்றபடி மாற்றி, குழுவாகப் பழகி, திட்டத்தை இறுதிவரை முடித்தன. அப்படி முடித்த 14 மருத்துவமனைகளில், மற்றவற்றோடு ஒப்பிட்டால், அறுவைக்குப் பிந்தைய இறப்பு 22 சதவீதம் குறைந்தது. இங்கேயும் ஒரு சந்தேகம் கேட்கலாம்: விரும்பி வருகிறவர்கள் முன்பே நல்லவர்களாக இருந்திருக்கலாம் அல்லவா? கேளுங்கள். கேட்பதுதான் ஆராய்ச்சி.

நம் நாட்டுக்கு வருகிறேன். நான் மிகவும் மதிக்கும் ஆய்வும் இங்கேதான் நடந்தது. கர்நாடகத்தில் கோகாக் மருத்துவமனையில் பாதுகாப்பான பிரசவத்துக்கான செக்லிஸ்டைச் சோதித்தபோது, ஒரு பிரசவத்தில் செய்ய வேண்டிய 29 காரியங்களில் சராசரியாகப் பத்து நடந்துகொண்டிருந்த இடத்தில் இருபத்தைந்து நடந்தது. அந்த உற்சாகத்தில் உத்தரப் பிரதேசத்தின் 24 மாவட்டங்களில் 120 சுகாதார நிலையங்களை எடுத்து, குலுக்கல் முறையில் பாதிக்கு மட்டும் தாளையும் பயிற்சியையும் கொடுத்தார்கள். ஒன்றரை லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்கள். பயிற்சியாளர்கள் செவிலியர்களே. அவர்கள் வகுப்பெடுக்கவில்லை, லேபர் வார்டுக்கே வந்து பக்கத்தில் நின்று பார்த்து, பிறகு தனியே அழைத்துப் பேசினார்கள். எட்டு மாதம், வர வர இடைவெளியைக் கூட்டிக்கொண்டு.

தொடங்கி இரண்டு மாதத்தில், கவனித்த 18 நடைமுறைகளில் 73 சதவீதம் நடந்தது. பயிற்சி பெறாத நிலையங்களில் 42. பயிற்சியாளர்கள் போன பிறகு, பன்னிரண்டாம் மாதம், 62க்கு இறங்கியது. தாய் சேய் இறப்பையும் தாய்க்கு நேர்ந்த கடும் பாதிப்பையும் சேர்த்த கணக்கு? பயிற்சி பெற்ற பக்கம் 15.1 சதவீதம், பெறாத பக்கம் 15.3. மாற்றமில்லை. 2017இல் அதை அப்படியே வெளியிட்டார்கள்.

இதைத் தோல்வி என்று சொல்லிவிட்டு நகரக்கூடாது. செவிலியரின் கைப்பழக்கம் மாறியது; அந்த அளவுக்குப் பயிற்சி பலித்தது. ஆனால் மூச்சு வராத குழந்தையை மீட்கும் தேர்ச்சி, உடனே சிசேரியனுக்கு அனுப்பும் வசதி, கைவசம் ரத்தம் ஆகியவை தாளில் எழுதுவதால் வந்துவிடாது. நோயாளிப் பராமரிப்பின் பிழைகளை எல்லாம் கடைசியில் நிற்கும் செவிலியரின் கவனக்குறைவாகக் கணக்கெழுதும் பழக்கத்துக்கு இதைவிடக் கடுமையான மறுப்பு எனக்குத் தெரியாது. செவிலிய ஆய்வாளர் லிண்டா ஏக்கன் 2002இல் பென்சில்வேனியாவின் 168 மருத்துவமனைகளில் கண்டதையும் பக்கத்தில் வையுங்கள்: ஒரு செவிலியரின் பொறுப்பில் ஒரு நோயாளி கூடினால், அறுவை செய்துகொண்டவர் முப்பது நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் ஏறியது. இரவு டியூட்டியில் ஒரு வார்டையே தனியாகப் பார்க்கிறவரிடம் எந்தத் தாளைக் கொடுத்து என்ன?

உங்கள் கல்லூரிக்கு நான் வைக்கும் கோரிக்கை சிறியது. அறக்கட்டளையின் வட்டிப்பணத்தில் ஒரு பகுதியை, ஹவுஸ் சர்ஜன்களும் இறுதியாண்டு செவிலிய மாணவியரும் சேர்ந்து பழகும் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். பொம்மை நோயாளிக்கு லைன் போடட்டும். மருத்துவ மாணவர் வேண்டுமென்றே ஒரு படியைத் தாண்டட்டும். “சார், கொஞ்சம் நிறுத்துங்க” என்று சொல்லும் மாணவிக்கு மதிப்பெண் போடுங்கள். கோபப்படாமல் நிறுத்திய மாணவருக்கும் அதே மதிப்பெண் போடுங்கள். ஒருமுறை நடத்திவிட்டுச் சான்றிதழ் கொடுத்து முடித்துவிடாதீர்கள். பயிற்சியாளர் போன பிறகு என்ன ஆகும் என்பதை உத்தரப் பிரதேசம் காட்டியிருக்கிறது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை வார்டுக்கே போய்ப் பக்கத்தில் நின்று பாருங்கள்.

கேள்விகளுக்கு நேரம் இருப்பதாக அவைத்தலைவர் சைகை காட்டுகிறார். முதல் கேள்வி செவிலிய மாணவியர் வரிசையிலிருந்து வரட்டும்.